மறைப்பு இரட்டை விண்மீனை அளக்க எந்தத் தரவை எடுப்பது: கெப்ளரா, டெஸ்ஸா, கையாவா?

முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். மறைப்பு இரட்டை விண்மீன் ஒன்றை எடுத்து அதன் நிறை, ஆரம், வெப்பநிலை எல்லாவற்றையும் அளந்து பார்க்க வேண்டும் என்று இறங்குபவர், எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யும் மாணவராக இருந்தாலும் சரி, பைத்தான் தெரிந்த வானியல் ஆர்வலராக இருந்தாலும் சரி, டெஸ் தரவிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. கெப்ளர், டெஸ், கையா மூன்றும் விண்வெளித் தொலைநோக்கிகள். கெப்ளரின் அளவீடு டெஸ்ஸைவிடத் துல்லியமானது, அதில் சந்தேகமே இல்லை. கையாவிடம் எண்ணிக்கை மலைபோல் குவிந்து கிடக்கிறது. அப்படி இருந்தும் நான் டெஸ் பக்கம் நிற்பதற்குக் காரணம், தொலைநோக்கியைவிட அளக்கும் முறையில்தான் இருக்கிறது. அதனால் முறையைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம்.

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன, அந்தச் சுற்றுப்பாதை நம் பார்வைக்கு ஏறக்குறைய விளிம்பாகத் தெரிகிறது, ஒன்று மற்றொன்றின் முன்னால் போகும்போதெல்லாம் வெளிச்சம் குறைகிறது. பெர்சியஸ் தொகுதியில் இருக்கும் அல்கோல் 2.87 நாளுக்கு ஒருமுறை மங்கி, வழக்கமான வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக்கூட இறங்கிவிடும். வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். 1783இல் இங்கிலாந்தின் யார்க் நகரைச் சேர்ந்த ஜான் குட்ரிக் என்ற காது கேளாத இளைஞர் அந்தக் கால ஒழுங்கைப் பதிவுசெய்து, ஏதோ ஒன்று முன்னால் வந்து மறைக்கிறது என்பதை ஒரு விளக்கமாகவும் சொன்னார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை.

வெளிச்சம் ஏறி இறங்குவதை நேரத்துக்கு எதிராக வரைந்தால் வருவது ஒளி வளைவு. அதிலிருந்து சுற்றுக்காலம் கிடைக்கும், சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது கிடைக்கும், இரண்டின் மேற்பரப்பு வெளிச்சத்துக்கும் இடையே உள்ள விகிதம் கிடைக்கும், பாதை வட்டமா நீள்வட்டமா என்பதுகூடத் துணை மறைப்பு (ஒரு சுற்றில் வரும் இரண்டு மறைப்புகளில் ஆழம் குறைந்தது) விழும் நேரத்தையும் அதன் நீளத்தையும் வைத்துத் தெரிந்துவிடும். ஆனால் ஆரம் கிலோமீட்டரில் கிடைக்காது. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தில் எத்தனை பங்கு என்று மட்டும்தான் வரும். அந்தத் தூரத்தையும் நிறையையும் தருவது நிறமாலை. விண்மீன் நம்மை நோக்கி வரும்போதும் விலகும்போதும் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு நகர்கின்றன என்று பார்த்து, இரண்டின் வேகத்தையும் எடுக்க வேண்டும். உதாரணத்துக்கு, வட்டப் பாதையில் 2.4 நாளுக்கு ஒருமுறை சுற்றும் ஒரு ஜோடியில் இரண்டுமே நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகம் காட்டினால், ஒவ்வொன்றும் ஏறத்தாழ நம் சூரியனின் நிறை கொண்டது என்று கணக்கு சொல்லிவிடும்.

இந்தக் கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். நிறை, வேகத்தின் மும்மடியாகப் போகிறது. வேகத்தில் 1 விழுக்காடு பிழை இருந்தால் நிறையில் 3 விழுக்காடு பிழை. விண்வெளித் தொலைநோக்கி எவ்வளவுதான் அழகான ஒளி வளைவைக் கொடுத்தாலும், நிறமாலை மோசமாக இருந்தால் கடைசி விடையும் மோசம்தான். அதனால் தரவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்பது, இந்த விண்மீனுக்கு எனக்கு நல்ல நிறமாலை கிடைக்குமா என்பதைத்தான். ஒளி வளைவு எவ்வளவு சுத்தம் என்பதெல்லாம் அப்புறம்.

கெப்ளர் இந்தக் கேள்வியில்தான் அடிபடுகிறது. 2009 மார்ச்சில் ஏவப்பட்டு, 0.95 மீட்டர் தொலைநோக்கியோடு சிக்னஸ், லைரா தொகுதிகளை ஒட்டிய ஒரே ஒரு வானப் பகுதியை நான்கு வருடம் கண்கொட்டாமல் பார்த்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட விண்மீன்கள், பெரும்பாலானவற்றுக்கு அரைமணிக்கு ஒரு அளவீடு. மறைப்பு இரட்டைகளுக்கென்றே வெளியான கெப்ளர் பட்டியலின் 2016 பதிப்பில் 2,878 ஜோடிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை 12 முதல் 16 வரை பொலிவெண் கொண்ட மங்கலான விண்மீன்கள். பொலிவெண் 5 கூடினால் வெளிச்சம் நூறில் ஒரு பங்கு. 8.5 பொலிவெண் விண்மீனுக்குச் சின்னத் தொலைநோக்கியில் எளிதாகக் கிடைக்கும் நிறமாலையை, 13.5 பொலிவெண் விண்மீனுக்கு வாங்க நூறு மடங்கு ஒளி வேண்டும், அதாவது பெரிய தொலைநோக்கியில் நேரம் கேட்டு விண்ணப்பம் போட வேண்டும். மாணவருக்கு அது எட்டாத தூரம்.

அரைமணி இடைவெளியும் சிலருக்குப் பிரச்சினை. 0.3 நாளில் சுற்றி முடிக்கும் ஒட்டுண்ட ஜோடியை, அதாவது ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஜோடியை, எடுத்துக்கொண்டால், அரைமணி என்பது அதன் சுற்றில் 7 விழுக்காடு. அந்த நேரத்துக்குள் நடந்ததெல்லாம் ஒரே புள்ளியாகக் கலந்துவிடும், மறைப்பின் அடிப்பகுதி மழுங்கும். கணினியில் கணக்கிட்ட மாதிரி வளைவைத் தரவோடு பொருத்தும்போது அதையும் அதே அளவுக்கு மழுக்கிப் பொருத்தினால் சரியாகிவிடும், ஃபீபி போன்ற மென்பொருள்களில் அதற்கு வசதி உண்டு. அதை மறந்தால் ஆரம் தவறாக வரும்.

சரி, அப்படியானால் கெப்ளர் எதற்கு? காலம் சம்பந்தப்பட்ட எதற்கும் கெப்ளரை அடித்துக்கொள்ள ஆளே இல்லை. நான்கு வருடத் தொடர் பார்வையில் ஒவ்வொரு மறைப்பும் எந்த நிமிடத்தில் நடந்தது என்று குறித்துக்கொண்டே வந்தால், சில ஜோடிகளில் அந்த நேரம் முன்னும் பின்னும் ஊசலாடுவது தெரியும். கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது விண்மீன் ஒன்று அந்த ஜோடியை இழுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இப்படி இருநூறுக்கும் மேற்பட்ட மும்மை அமைப்புகளுக்கான சான்று கெப்ளர் தரவிலிருந்து மட்டும் வந்திருக்கிறது. 2011இல் அறிவிக்கப்பட்ட கெப்ளர்-16 இன்னும் அழகு: 41 நாளில் ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்கள், அவற்றை வெளியே 229 நாளில் சுற்றும் ஒரு கோள். மூன்றும் ஒன்றையொன்று மறைக்கும் நேரங்களை வைத்தே நிறைகளை மிக நுணுக்கமாக எடுத்துவிட்டார்கள். டெஸ் ஒரு பகுதியை 27 நாள் பார்த்துவிட்டு அடுத்த பகுதிக்குத் திரும்பிவிடும் என்பதால், இந்த மாதிரி வேலைக்கு அதன் துண்டுகளை ஒட்டித்தான் பார்க்க வேண்டும்.

இப்போது டெஸ். 2018 ஏப்ரலில் ஏவப்பட்டது, 10.5 சென்டிமீட்டர் திறப்புள்ள நான்கே கேமராக்கள். கெப்ளரின் கண்ணாடிக்கு முன்னால் இது ரொம்பச் சின்னது. ஆனால் வானத்தின் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டது, பிரகாசமான விண்மீன்களுக்கென்றே கட்டப்பட்டது. முதல் இரண்டு வருடத்தின் இரண்டு நிமிட இடைவெளித் தரவிலிருந்து மட்டும் 4,584 மறைப்பு இரட்டைகளைத் தொகுத்து 2022இல் ஒரு பட்டியல் வெளியானது. கேமராவின் முழுப் பார்வையையும் அப்படியே சேமிக்கும் முழுச்சட்டப் படங்கள் முதலில் அரைமணிக்கு ஒன்றாக இருந்து, பிறகு 10 நிமிடமாகி, 2022 செப்டம்பரிலிருந்து 200 விநாடிக்கு ஒன்றாகக் கிடைக்கின்றன. பட்டியலில் இல்லாத விண்மீனுக்கும் நீங்களே அந்தப் படங்களிலிருந்து ஒளி வளைவு எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் மாஸ்ட் ஆவணக்காப்பகத்தில் இலவசம், லைட்கர்வ் என்ற பைத்தான் தொகுப்பில் சில வரி எழுதினால் வந்துவிடும்.

சின்னக் கேமரா என்றால் துல்லியம் குறையுமே என்று கேட்கலாம். குறையும், ஆனால் மறைப்பு இரட்டைக்கு அது பெரிதாக உறைக்காது. கோள் ஒன்று சூரியன் போன்ற விண்மீனைக் கடக்கும்போது 1 விழுக்காடு, அல்லது அதில் நூறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் குறையும், அங்கே ஒவ்வொரு துளி இரைச்சலும் கணக்கு. விண்மீனை விண்மீன் மறைக்கும்போது பத்து, இருபது, ஐம்பது விழுக்காடு விழுகிறது. பிரகாசமான விண்மீனுக்கு டெஸ் தரும் ஒளி வளைவே தேவைக்கு மேல். அதற்கப்புறம் பிழை எங்கிருந்து வருகிறது என்றால், விளிம்பு மங்கலை (விண்மீனின் நடுவைவிட விளிம்பு மங்கலாகத் தெரிவதை) எப்படிக் கணக்கில் எடுத்தோம், பக்கத்து விண்மீனின் ஒளி எவ்வளவு கலந்தது என்பதிலிருந்துதான்.

ஏஐ ஃபீனிசிஸ் என்ற ஜோடி இதற்கு நல்ல சாட்சி. 24.6 நாள் சுற்றுக்காலம், ஒன்று சூரியனைவிடக் கொஞ்சம் சூடான விண்மீன், மற்றது ஊதிப் பெருக்கத் தொடங்கிய சற்றே குளிர்ந்த விண்மீன். சூடானதைப் பெரியது முழுசாக மறைத்துவிடுவதால் ஆரங்களின் விகிதத்தில் குழப்பமே இல்லை. பகுதி மறைப்பு மட்டும் உள்ள ஜோடிகளில், ஒன்றைக் கொஞ்சம் பெரிதாக்கி மற்றதைக் கொஞ்சம் சிறிதாக்கினாலும் கிட்டத்தட்ட அதே ஒளி வளைவு வந்து தொலைக்கும், இங்கே அந்தத் தொல்லை கிடையாது. டெஸ் தரவு வந்ததும் பல ஆய்வாளர்கள் தனித்தனியாக, வெவ்வேறு மென்பொருளில், வெவ்வேறு அனுமானங்களோடு இதை அளந்து, விடைகளை 2020இல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஆரங்கள் 0.2 விழுக்காட்டுக்குள் ஒத்துப்போயின. நிறை அதைவிடத் துல்லியம், ஏனென்றால் விண்மீன் பிரகாசமானது, தரமான நிறமாலை எடுத்திருந்தார்கள். எட்டரைப் பொலிவெண் விண்மீனை எடுத்ததால் வந்த லாபம் இது.

டெஸ்ஸின் பெரிய பலவீனம் பிக்சல். கெப்ளரின் ஒரு பிக்சல் வானத்தில் 4 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3,600இல் ஒரு பங்கு) அகலம், டெஸ்ஸின் ஒரு பிக்சல் 21 வில்விநாடி. பரப்பளவில் 27 மடங்குக்கு மேல். அந்தச் சதுரத்துக்குள் அதே வெளிச்சமுள்ள இன்னொரு விண்மீன் விழுந்துவிட்டால், உண்மையில் 40 விழுக்காடு ஆழமான மறைப்பு 20 விழுக்காடாகத் தெரியும். இதை மூன்றாம் ஒளி என்பார்கள். கவனிக்காமல் பொருத்தினால் சாய்வும் ஆரமும் இரண்டும் கெட்டுப்போகும், ஆனால் வளைவு மட்டும் அழகாகப் பொருந்தி நிற்கும், அதுதான் ஆபத்து. பால்வழியின் நெரிசலான பகுதியில் இருக்கும் விண்மீனை டெஸ்ஸில் அளக்கப்போனால் முதல் வேலை அக்கம்பக்கத்தைச் சோதிப்பது.

இன்னொரு பொறி. டெஸ், கெப்ளர் இரண்டின் தரவுமே கோள் தேடுவதற்காகத் தயாரானவை. சீர்செய்த ஒளி வளைவு என்று தருவது, சின்னச் சின்னக் கடப்புகள் பளிச்சென்று தெரிவதற்காக மெதுவான ஏற்ற இறக்கங்களைத் தட்டிச் சமன்செய்த ஒன்றாக இருக்கலாம். நெருங்கிய ஜோடியில் விண்மீன்கள் முட்டை வடிவில் இழுபட்டு, மறைப்புக்கு வெளியேயும் வெளிச்சம் அலைபோல் ஏறி இறங்கும். அந்த அலையிலும் தகவல் இருக்கிறது, சமன்செய்தால் அது போய்விடும். லைட்கர்வில் தட்டையாக்கும் கட்டளையைக் குறுகிய சாளரத்தோடு ஓட்டினால் மறைப்பின் ஆழமே குறைந்துவிடும். சீர்செய்யாத வளைவையும் பக்கத்தில் போட்டுப் பார்க்காமல் எதையும் நம்ப வேண்டாம் என்பது என் பிடிவாதம். சுற்றுக்காலத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம்: இரண்டு விண்மீனும் ஒரே மாதிரி இருந்தால் இரண்டு மறைப்பும் ஒரே ஆழம், தானியங்கி நிரல் பாதிக் காலத்தைச் சொல்லிவிடும்.

கையாவை நான் போட்டியாளராகவே பார்ப்பதில்லை. 2013 டிசம்பரில் கிளம்பி 2025 ஜனவரியில் கண்காணிப்பை முடித்துக்கொண்ட இந்தத் தொலைநோக்கி, 2022இல் வந்த மூன்றாம் வெளியீட்டில் 21 லட்சத்து 84 ஆயிரம் மறைப்பு இரட்டைகளுக்கான உத்தேசப் பட்டியலைக் கொடுத்தது. எண்ணிக்கையைப் பார்த்தால் கெப்ளரும் டெஸ்ஸும் கிட்டவே வர முடியாது. ஆனால் கையா சுழன்றுகொண்டே வானத்தை வருடியது, ஐந்து வருடத்தில் ஒரு விண்மீனைச் சராசரியாக 70 முறை பார்ப்பதாகத்தான் திட்டம். பத்து நாளுக்கு ஒருமுறை ஆறு மணி நேரம் நடக்கும் மறைப்பை எடுத்துக்கொள்ளுங்கள்: மறைப்பில் இருக்கும் நேரம் 2.5 விழுக்காடு, எனவே 70இல் இரண்டே புள்ளிதான் அதற்குள் விழும். அதை வைத்து ஆரம் அளக்க முடியாது. சுற்றுக்காலம் ஒரு நாளுக்கும் குறைவான, எப்போதும் பாதி மறைப்பிலேயே இருக்கும் ஜோடிகளுக்கு மட்டும் கையாவின் வளைவு ஓரளவு உருப்படியாக இருக்கும்.

கையாவின் உண்மையான கொடை இடமாறு, அதாவது பூமி சூரியனைச் சுற்றும்போது விண்மீன் இடம் மாறித் தெரியும் அளவு; அதிலிருந்துதான் தூரம் வரும். அப்புறம் அதன் கூர்மை. டெஸ் பிக்சலுக்குள் யார் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று கையா பட்டியலைத் திறந்து ஒரு வில்நிமிட வட்டத்துக்குள் தேடினால் பெயர் பெயராகச் சொல்லிவிடும், அவற்றின் வெளிச்சத்தைக் கூட்டி மூன்றாம் ஒளியை முன்கூட்டியே மதிப்பிடலாம். இந்த உறவு ஒருவழிப் பாதையும் கிடையாது. 2016இல் கையாவின் முதல் வெளியீடு வந்த சூட்டோடு, ஸ்டாசன், டோரஸ் என்ற இரண்டு வானியலாளர்கள் நன்றாக அளக்கப்பட்ட 158 மறைப்பு இரட்டைகளை எடுத்தார்கள். ஆரமும் வெப்பநிலையும் தெரிந்தால் உண்மையான ஒளிர்வு தெரியும், ஒளிர்வு தெரிந்தால் தூரம் தெரியும். அந்தத் தூரத்தோடு ஒப்பிட்டபோது கையாவின் இடமாறு சராசரியாக 0.25 மில்லி வில்விநாடி குறைவாக இருப்பதாகக் கண்டார்கள். நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்த கருவிக்கே அளவுகோலாக நிற்கும் தகுதி இந்த ஜோடிகளுக்கு இருக்கிறது. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

விண்வெளித் தரவே வேண்டாம் என்று சொல்லும் சூழலும் உண்டு. பெரிய மெகல்லன் மேகம் எவ்வளவு தூரம் என்பதை 1 விழுக்காடு துல்லியத்தில் 2019இல் சொன்ன பியெட்ஷின்ஸ்கி குழு, அங்குள்ள 20 மறைப்பு இரட்டைகளை வைத்துத்தான் அளந்தது: 49.59 கிலோபார்செக், கிட்டத்தட்ட 1,62,000 ஒளியாண்டு. அவை பல மாதம், சிலசமயம் ஒரு வருடத்துக்கு மேல் சுற்றுக்காலம் கொண்ட, வெகுதூரத்தில் மங்கலாகத் தெரியும் பெருவிண்மீன்கள். டெஸ்ஸுக்கு அந்த நெரிசலில் கண் தெரியாது. சிலியில் தரையிலிருந்து வருடக்கணக்கில் எடுத்த ஒளி வளைவும், அங்குள்ள பெரிய தொலைநோக்கிகளின் நிறமாலையும்தான் வேலையை முடித்தன.

கெப்ளரின் இரண்டாம் வாழ்க்கையான கே2 பற்றியும் ஒரு வார்த்தை. 2013இல் திசை நிறுத்தும் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானபின், 2014 முதல் 2018 வரை சூரியப் பாதையை ஒட்டிய பகுதிகளை ஏறத்தாழ 80 நாள் வீதம் பார்த்தது. சில மணிக்கு ஒருமுறை தொலைநோக்கி லேசாக உருண்டு திருத்திக்கொள்வதால் தரவில் ரம்பப்பல் போல ஏற்ற இறக்கம் வரும், அதை நீக்குவது தலைவலி. ஆனால் நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன் கூட்டம் உட்படப் பல கூட்டங்கள் அதில் இருக்கின்றன. கூட்டத்தில் உள்ள ஜோடிக்கு வயது வெளியிலிருந்தே தெரியும் என்பதால், சிறிய சிவப்பு விண்மீன்கள் கோட்பாடு சொல்வதைவிடச் சில விழுக்காடு பருமனாக இருப்பது ஏன் என்ற கேள்வியில் இறங்குபவருக்கு நான் கே2வைத்தான் சொல்வேன்.

எந்தத் தரவை எடுத்தாலும் இரண்டைக் கலக்கும்போது நேரத்தில் ஜாக்கிரதை. கெப்ளர் கோப்பில் இருக்கும் நேரம் ஜூலியன் நாளிலிருந்து (வானியலாளர்கள் நாட்களைத் தொடர்ச்சியாக எண்ணும் எண்ணிலிருந்து) 24,54,833ஐக் கழித்தது, டெஸ் கழிப்பது 24,57,000, கையா கழிப்பது 24,55,197.5. தரையிலிருந்து எடுத்த பழைய நேரங்கள் உலகப் பொது நேரத்தில் இருந்தால் இன்னும் ஒரு நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் வரும். இது சின்ன விஷயமாகத் தோன்றினால் கேஐசி 9832227 கதையைக் கேளுங்கள். பதினொரு மணி நேரத்தில் ஒன்றையொன்று சுற்றும் ஒட்டுண்ட ஜோடி அது. சுற்றுக்காலம் வேகமாகக் குறைகிறது, 2022 வாக்கில் இரண்டும் மோதி ஒன்றாகி வெறுங்கண்ணுக்கே தெரியும்படி வெடிக்கும் என்று லாரி மோல்னார் குழு 2017இல் அறிவித்து உலகச் செய்தியானது. கெப்ளர் தரவில் பிழை இல்லை. கெப்ளருக்கு முந்தைய ஒரு புள்ளியில், 1999இல் நடந்த மறைப்பின் நேரத்தை 2004இல் வெளியான கட்டுரை ஒன்று 12 மணி நேரம் தவறாக அச்சிட்டிருந்தது. சுற்றுக்காலம் பதினொரு மணி என்பதால் அந்தப் பிழை வளைவில் ஒரே ஒரு மணி நேர நகர்வாகத்தான் தெரிந்தது, நம்பும்படியாக. 2018இல் சான் டியாகோ குழுவினர் 1999ஆம் ஆண்டின் மூலத் தரவையே திரும்ப எடுத்துப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள், மோல்னாரும் ஏற்றுக்கொண்டார்.

ஆகவே கைக்காசும் நேரமும் குறைவாக இருப்பவருக்கு நான் சொல்லும் வழி இதுதான். டெஸ் பட்டியலில் 10 பொலிவெண் விண்மீனைவிடப் பிரகாசமான, ஒன்றோடொன்று ஒட்டாத, 13 நாளுக்குக் குறைந்த சுற்றுக்காலமுள்ள ஜோடியாகத் தேடுங்கள். அப்போதுதான் ஒரே 27 நாள் துண்டுக்குள் ஒவ்வொரு மறைப்பும் இரண்டு முறையாவது விழ வாய்ப்புண்டு. கையாவில் அக்கம்பக்கத்தைச் சோதியுங்கள். பிறகு ஐரோப்பியத் தென்வான ஆய்வகத்தின் பொது ஆவணத்தில் அதே விண்மீனின் நிறமாலை ஏற்கெனவே கிடக்கிறதா பாருங்கள், பிரகாசமான விண்மீன்களுக்குப் பலசமயம் கிடக்கும். இல்லையென்றால் கல்லூரிப் பேராசிரியர் வழியாகக் காவலூரில் நேரம் கேட்கலாம். ஜவ்வாது மலையில் இருக்கும் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கியில் ஃபைபர் வழியே ஒளி வாங்கும் எஷல் நிறமாலைமானி இருக்கிறது, பிரகாசமான ஜோடியின் வேகங்களை எடுக்க அது பொருத்தமான கருவி.

சொந்த விண்மீனில் கைவைப்பதற்கு முன் ஏஐ ஃபீனிசிஸின் டெஸ் தரவை இறக்கி, உங்கள் நிரலில் ஓட்டி, வெளியான விடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1 விழுக்காட்டுக்குள் வந்தால் தொடருங்கள். 3 விழுக்காடு தள்ளி நின்றால் முதலில் தட்டையாக்கும் கட்டளையையும், அடுத்து மூன்றாம் ஒளியையும், அதற்கடுத்து விளிம்பு மங்கலுக்குப் போட்ட எண்களையும் இந்த வரிசையிலேயே சோதியுங்கள்.